சொல்லாமல் வரும் சொந்தக்காரர்கள், விட்டுப்போன தொடர்புகள்: ஒழுங்கான முறை ஏதாவது உண்டா?

தாழ்வாரம் (கேள்வி):

வணக்கம். இரண்டு விஷயம் கேட்கணும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரே இழையில் போடுகிறேன்.

ஒன்று: தூரத்துச் சொந்தம் யாராவது முன்கூட்டிச் சொல்லாமல் வாசலில் வந்து நிற்கும்போது முதல் கால் மணி நேரத்தில் எதைச் செய்வது, எதை விடுவது? முக்கியமாக, வந்தவர் எந்த வழிச் சொந்தம் என்று சட்டென்று பிடிபடாவிட்டால், அவர் மனம் நோகாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு: போனில் அறுபது, எழுபது உறவினர் எண்கள் இருக்கின்றன. 'மாமா' என்ற பெயரில் ஆறு, 'சித்தி' என்ற பெயரில் நாலு. எது இன்னும் உபயோகத்தில் இருக்கிற நம்பர் என்றே தெரியாது. பாதிப் பேர் வேறு நாடுகளில். இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து, வருடம் முழுக்க விடாமல் பராமரிக்க என்ன வழி? அன்பாக இருங்கள், நேரம் ஒதுக்குங்கள் என்பதைத் தாண்டி, கையில் எடுத்துச் செய்யக்கூடியதாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


பூவரசு:

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஆள் வந்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. நாம் நாற்காலியைத் தட்டி, துணியை வாரி உள்ளே எறியும்போது வந்தவருக்குக் கேட்பது ஒரே சேதிதான்: நீங்கள் வந்தது தொந்தரவு. உடனே அவர் "சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்று கிளம்பப் பார்ப்பார். உட்கார ஓர் இடம், கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும். மற்ற அறைக் கதவுகளைச் சாத்திவிடுங்கள்.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வாசலில் பேச, இன்னொருவர் நேராகக் கழிப்பறைக்குப் போகவேண்டும். அங்கே பார்க்க வேண்டியவை: தரை வழுக்காமல் காய்ந்திருக்கிறதா, சோப்பு இருக்கிறதா, துவைத்த துண்டு ஒன்று தொங்குகிறதா, தாழ்ப்பாள் வேலை செய்கிறதா. இரண்டு நிமிட வேலை. நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவது இந்த ஒன்றைத்தான். அதனால் "முகம் கழுவிட்டு வாங்களேன்" என்று நாமே வழி காட்டிவிட வேண்டும்.

நமக்கு வெளியே போக வேண்டிய வேலை இருந்தால் அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. "ஆறு மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும், அதுவரைக்கும் நிம்மதியா பேசலாம்" என்று ஆரம்பத்தில் சொன்னால் அது நேரம் கொடுப்பது. அதே வாக்கியத்தை ஐந்தே முக்காலுக்குச் சொன்னால் எழுப்பி அனுப்புவது. அதேபோல "எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்காமல் "திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாச்சா, எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேளுங்கள். தங்குவாரா மாட்டாரா என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும். வயதானவர் என்றால் கூடவே "மாத்திரை ஏதாவது நேரத்துக்குப் போடணுமா?" என்றும் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டில் எதைச் சேர்க்கக்கூடாது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சின்னப் பிள்ளைகள் வந்திருந்தால் வரிசை மாறும். குழந்தை இல்லாத வீட்டில் எதுவுமே குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்காது. வந்த நிமிடமே எடுத்து மேலே வைக்க வேண்டியவை மாத்திரை டப்பா, கத்தி, சுடுதண்ணீர் பாத்திரம், பொத்தான் பேட்டரி (ரிமோட் போன்றவற்றில் இருக்கும் சின்னக் காசு வடிவப் பேட்டரி). அந்தப் பேட்டரி விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். ரிமோட்டின் பின்மூடி ஆடினால் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் நிற்கும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

இரவு தங்கலுக்கு ஒரு கட்டு தயாராக வைத்திருப்பது நல்லது: விரிப்பு ஒன்று, போர்வை ஒன்று, தலையணை உறை இரண்டு, துண்டு ஒன்று. எல்லாவற்றையும் மடித்து ஒரு தலையணை உறைக்குள்ளேயே செருகி வைத்தால், கேட்டவுடன் ஒரே பொட்டலமாக எடுத்துவிடலாம். பல மாதம் தொடாமல் வைத்தால் முடை நாற்றம் வரும். அதனால் மாதம் ஒருமுறை அந்தக் கட்டை நீங்களே பயன்படுத்திவிட்டு, துவைத்த வேறொன்றை அங்கே வையுங்கள். காற்றடைக்கும் மெத்தை வைத்திருப்பவர்களுக்கு: நடுராத்திரியில் அது தொய்வது பெரும்பாலும் ஓட்டையால் அல்ல. புதிதாகக் காற்றடைத்ததும் பிளாஸ்டிக் இழுபடும், இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கும். முதலில் அடித்துவிட்டு அரைமணி கழித்து, படுக்கும் முன் இன்னொரு முறை அடித்தால் விடியும்வரை தாங்கும்.

யார் என்று பிடிபடாத விஷயம். இதில் எல்லோரும் செய்யும் பிழை, பதிலை நாமே எடுத்துக் கொடுப்பது. "நீங்க பெரியம்மாவோட கொழுந்தனார் பையன்தானே?" என்றால், வந்தவர் உண்மையான சொந்தமாக இருந்தால் திருத்தக் கூச்சப்பட்டுத் தலையாட்டுவார், ஏமாற்ற வந்தவராக இருந்தால் அந்தப் பெயரையே பிடித்துக்கொள்வார். இரண்டுமே நமக்கு நஷ்டம். கேள்வி திறந்ததாக இருக்கட்டும்: "முகம் நல்லா ஞாபகம் இருக்கு, எந்த வழின்னு மட்டும் சொல்லுங்க." சொந்தம் சொல்லுவது யாருக்கும் பிடித்த பேச்சுதான். அவரே இரண்டு தலைமுறை பின்னால் போய் ஆரம்பிப்பார்.

அதற்கு மேல் இன்னொரு வழி இருக்கிறது. அவர் சொல்லும் சங்கிலியில் இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவருக்கு அவர் முன்னாலேயே வீடியோ கால் போடுங்கள். "இங்க யாரு வந்திருக்கா பாருங்க!" வந்தவருக்கு அது மரியாதை. போனில் இருப்பவருக்கு மகிழ்ச்சி. உங்களுக்கு அடையாளமும் உறுதியாகிவிடும். அந்த அழைப்பு நம் போனில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குத்தான் போக வேண்டும், வந்தவர் சொல்லும் எண்ணுக்கு அல்ல.


ஏணிப்படி:

பூவரசு அவர்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். சொல்லாமல் வந்தவர் கிளம்பிப் போன அன்றிரவே நாலு வரி எழுதி வையுங்கள். உங்கள் இரண்டு கேள்விகளையும் இணைக்கும் முடிச்சு இதுதான். ஒரு மணி நேரப் பேச்சில் மூன்று குடும்பத்தின் செய்தி வந்திருக்கும்: யார் வீடு மாறினார், யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு உடம்பு முடியவில்லை. மறுநாள் பாதி மறந்துவிடும், ஒரு வாரத்தில் பெயர்களே குழம்பும். எழுத வேண்டியது: தேதி, வந்தவர், அவர் சொன்ன செய்திகள், நாம் ஏதாவது செய்வதாகச் சொல்லியிருந்தால் அது. கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். "அந்த போட்டோவ அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பாததில் அறுந்த தொடர்புகள் நிறைய.

இனி பதிவேடு. நோட்டுப் புத்தகமோ கணினியோ, ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. தேவையான கட்டங்கள்: பெயர், உறவு வழி, எண், ஊர் மற்றும் நாடு, பிறந்தநாள், கடைசியாகப் பேசிய தேதி, அப்போது பேசியதில் ஒரு வரி. இதற்கு மேல் கட்டம் போட்டால் நிரப்ப மாட்டீர்கள்.

'உறவு வழி' என்பதில் முறைப் பெயரை எழுதாதீர்கள். நம் மொழியில் 'மாமா' என்றால் அம்மாவின் சகோதரரும் உண்டு, அத்தையின் கணவரும் உண்டு, வாழ்க்கைத் துணையின் அப்பாவும் உண்டு. 'சித்தப்பா' என்பதும் அப்பாவின் தம்பி, சித்தியின் கணவர் என்று இரண்டு பக்கமும் போகும். கூப்பிட இது போதும், பதிவேட்டுக்குப் போதாது. பாதையை எழுதுங்கள்: "அம்மா – அம்மா – தங்கை – மகன்". படிக்கும்போதே ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியும். உங்களுக்குப் பிறகு இதைப் பார்க்கும் அடுத்த தலைமுறைக்கும் புரியும்.

குடும்பம் பெரிதாக இருந்தால் புள்ளி எண் முறை கைகொடுக்கும். வம்சாவளி எழுதுபவர்கள் டாபோவில் முறை என்பார்கள். தெரிந்தவரையில் மூத்த முன்னோருக்கு 1. அவர் பிள்ளைகள் வயது வரிசையில் 1.1, 1.2, 1.3. இரண்டாவது பிள்ளையின் மூன்றாவது குழந்தை 1.2.3. இப்போது 1.2.3 என்பவரையும் 1.4.1 என்பவரையும் பாருங்கள். இருவருக்கும் மூன்று இலக்கம், ஆகவே ஒரே தலைமுறை. முதல் இலக்கம் மட்டும் பொது, ஆகவே இருவரும் 1 என்பவரின் பேரப்பிள்ளைகள். 1.4.1.2 என்றால் ஒரு படி கீழே. கணக்குப் போடாமலே உறவு தெரியும். விடுபட்ட ஒரு மூத்த பிள்ளை பின்னால் தெரியவந்தால் எல்லாருக்கும் எண்ணை மாற்றாதீர்கள். அடுத்த காலி எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறந்த ஆண்டைப் பக்கத்தில் எழுதுங்கள். திரும்ப எண் போட ஆரம்பித்தால் பழைய குறிப்புகள் எல்லாம் தவறான ஆளைக் காட்டும். ஒருவரே இரண்டு வழியில் சொந்தமாக வந்தால் இரண்டு தடவை எழுத வேண்டாம். ஒரு வரிசையில் மட்டும் விவரம் வைத்து, இன்னொரு இடத்தில் "பார்க்க 1.3.2" என்று குறித்தால் போதும்.

கணினியில் வைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்.

+ குறியோடு தொடங்கும் நீண்ட எண்களை எக்செல் சாதாரணக் கணக்கு எண்ணாக எடுத்துக்கொண்டு + குறியை விழுங்கிவிடும், இலக்கங்களைச் சுருக்கிக் காட்டும். பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். ஒட்டும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். சிஎஸ்வி கோப்பை (பட்டியலை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வகை) திறக்கும்போது தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் கோப்பு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் படிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

பிறந்தநாளை 03/04 என்று எழுதவே கூடாது. ஒரு நாட்டில் அது ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். பிப்ரவரி 29 பிறந்தவர்களை ஆண்டுதோறும் வரும் நிகழ்வாகப் போட்டால் பல காலண்டர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் காட்டும். பிப்ரவரி 28 என்று இன்னொரு நினைவூட்டலும் போட்டுவிடுங்கள்.

எண்களை சிம்மில் சேமிக்காதீர்கள். சிம்மில் பெயருக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. தமிழில் எழுதினால் இன்னும் சீக்கிரம் நிரம்பும். 'கு' என்ற ஓர் எழுத்தே உள்ளுக்குள் இரண்டு குறியீடு, ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். பெயர் பாதியில் வெட்டுப்படுவது அதனால்தான். கணக்கோடு இணைந்த தொடர்புப் பட்டியலில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிஎஃப் கோப்பாக (எல்லாத் தொடர்புகளையும் ஒன்றாகச் சேமிக்கும் கோப்பு வகை) இறக்கி, வேறோர் இடத்திலும் ஒரு நகல் வையுங்கள்.

எல்லா எண்களையும் + மற்றும் நாட்டுக் குறியீட்டோடு சேமியுங்கள். அப்போதுதான் நீங்கள் எந்த நாட்டில் இருந்து அழைத்தாலும் போகும். குறியீடு உட்பட மொத்தம் 15 இலக்கத்துக்கு மேல் வராது. உள்நாட்டில் முன்னால் போடும் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். இத்தாலியின் தரைவழி எண்கள் போல சில விதிவிலக்கு உண்டு, அங்கே பூஜ்யம் எண்ணின் பகுதி.


கடிகாரமுள்:

பட்டியல் தயார் என்று வைத்துக்கொள்வோம். பேசுவது எப்படி என்று நான் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அறுபது பேரை எடுத்தால், வாரத்துக்கு இரண்டு அழைப்பு, சுற்று முடிய முப்பது வாரம். அதாவது ஒவ்வொருவரிடமும் ஏறக்குறைய ஏழு மாதத்துக்கு ஒருமுறை பேசியிருப்பீர்கள். தூரத்துச் சொந்தத்துக்கு இது தாராளம். மனிதர் ஒருவர் தொடர்ந்து பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்று பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராபின் டன்பார் 1992-ல் இருந்து சொல்லிவருகிறார். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரோடும் ஒரே அளவில் தொடர்பு வைக்க முயன்றால் யாரோடும் நிற்காது என்பதற்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து பதினைந்து பேருக்கு மாதம் ஒருமுறை, மீதிப் பேருக்கு மேலே சொன்ன சுற்று.

சுற்றை அகர வரிசையில் ஓட்டாதீர்கள். 'கடைசியாகப் பேசிய தேதி' கட்டத்தை வரிசைப்படுத்தினால் மிகப் பழையது மேலே வரும். அந்த மேல் இரண்டு பேர்தான் இந்த வாரம். பேசி முடித்துத் தேதியை மாற்றினால் அவர்கள் அடியில் போய்விடுவார்கள். வேறு எந்தத் திட்டமும் தேவையில்லை.

பல வருட இடைவெளிக்குப் பிறகு முதல் அழைப்பு கெடுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. முன்னறிவிப்பில்லாத வீடியோ கால். நீளமான மன்னிப்பு. முதல் பேச்சிலேயே உதவி கேட்பது. முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள், யார் என்று ஆரம்பத்திலேயே சொல்லி:

"வணக்கம் பாட்டி. நான் உங்க சின்ன அண்ணன் பேத்தி. பழைய படம் ஒண்ணு கிடைச்சுது, அதுல இடது ஓரத்துல நிக்கிறது யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு அம்மா சொன்னாங்க. ஞாயிறு சாயங்காலம் பேசலாமா?"

அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்பது இதில் சூட்சுமம். எண்பது வயதானவர் 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்பதற்கு இரண்டு நிமிடம் பேசுவார், படத்தில் இருப்பவர் யார் என்பதற்கு ஒரு மணி நேரம் பேசுவார். படத்தை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் அளவுச் சின்னப் படம் என்றால் 600. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் முழுத் தரத்தில் போகும். அவர் சொன்ன பெயர்களைப் படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும். மெல்லிய பென்சிலால் எழுதலாம். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறைமேல் எழுதி உள்ளே படத்தை வையுங்கள்.

நேர வித்தியாசம். "அவங்க நம்மைவிட இத்தனை மணி நேரம் பின்னால்" என்று மனப்பாடம் செய்வது வருடத்தில் சில சமயம் காலை வாரும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இரண்டு அல்லது மூன்று வாரம் இந்த இரண்டுக்கும் நடுவிலான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் இது தலைகீழ், அக்டோபரில் முன்னால், ஏப்ரலில் பின்னால். ஆகவே காலண்டரில் நிகழ்வு போடும்போது, நேரம் மாறக்கூடாத ஆள் யாரோ அவருடைய நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். இரவு எட்டரைக்குத் தூங்கிவிடும் பெரியவர் என்றால் அவருடைய ஊர் நேரம். அப்போது அவருக்கு எப்போதும் ஏழு மணி, மாறுவது நமக்கு மட்டும்.

குழு விஷயத்தில் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழு இருப்பதைத் தொடர்பு என்று கணக்கில் வைக்காதீர்கள். அறிவிப்புக்கு அது நல்லது, ஒருவரை ஒருவர் விசாரிக்க அது போதாது. அறுபது பேர் பார்க்கும் இடத்தில் "கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறு பதில் வராது. வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தி பலருக்கும் தனித்தனியாகப் போகும் வசதி) அனுப்புபவர்கள் கவனியுங்கள்: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பதில் வராத தூரத்துச் சொந்தங்களில் பலர் அதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.


தாழ்வாரம்:

மூவருக்கும் நன்றி. உறவு வழியைப் பாதையாக எழுதும் முறையை இன்றே ஆரம்பித்துவிட்டேன். இரண்டு சந்தேகம். காலமானவர்களின் எண்களை நீக்கிவிடலாமா? "நம்பர் மாத்திட்டேன், இதுல சேவ் பண்ணிக்கோங்க" என்று வரும் செய்திகளை எப்படி நம்புவது?


ஏணிப்படி:

ஆளை நீக்காதீர்கள், எண்ணை மட்டும் நீக்குங்கள். வரிசையில் பெயரும் பாதையும் இருந்தால்தான் அவர் வழியாக வரும் மற்றவர்களின் உறவு நிற்கும். மறைந்த தேதியை எழுதுங்கள். அந்த வீட்டாருக்கு அந்த நாளில் ஒரு வார்த்தை பேச அது உதவும்.

எண்ணை நீக்கச் சொல்வதற்குக் காரணம், பயன்படாத எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் சில மாதங்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் பயன்படாமல் இருந்தால்தான் அழியும். அதற்குள் குழுவில் இருக்கும் பழைய எண்ணை நிர்வாகி கையால் எடுத்துவிட வேண்டும். உயிரோடு இருப்பவர் எண் மாற்றினால், வாட்ஸ்அப் அமைப்புகளில் 'எண்ணை மாற்று' என்று இருப்பதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். குழுக்களில் பழையதுக்குப் பதில் புதியது தானே வந்துவிடும்.


பூவரசு:

புது நம்பர் செய்திக்கு: சேமிக்கும் முன் பழைய எண்ணுக்கு ஒரு அழைப்பு. அவரே எடுத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. எடுக்கவில்லை என்றால் அதே வீட்டில் இன்னொருவருக்கு. குரல் கேட்டுவிட்டோம் என்பது இப்போது போதாது, குரலை நகலெடுக்கும் மென்பொருள் வந்துவிட்டது. பணம் கேட்கும் அழைப்பு எவ்வளவு அவசரமாக ஒலித்தாலும் வைத்துவிட்டு, நம்மிடம் இருக்கும் எண்ணுக்கு நாமே திரும்ப அழைக்க வேண்டும். "உங்களுக்கு ஒரு ஆறு இலக்க நம்பர் தவறா வந்திருக்கும், அத அனுப்புங்க" என்று சொந்தக்காரர் கணக்கிலிருந்தே வந்தாலும் அனுப்பாதீர்கள். அது உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும் சாவி. அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அவருக்கு உடனே நேரடியாகப் போன் செய்து சொல்லுங்கள். நம் பக்கத்தில் வாட்ஸ்அப் அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பை (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) இயக்கி, ரகசிய பின் (PIN) எண் ஒன்று வைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் போனிலும் அதைச் செய்து கொடுங்கள், பின் எண்ணை அவர்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.

உறவினர் பட்டியலை முழுசாக எந்தக் குழுவிலும் போடவேண்டாம். முழுப்பெயர், பிறந்த தேதி, அம்மாவின் பெயர் மூன்றும் ஒரே தாளில் இருந்தால் பல கணக்குகளின் பாதுகாப்புக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கிறது. ஒருவர் கேட்டால் அவருக்குத் தேவையான இரண்டு மூன்று எண்களை மட்டும், அந்த எண்ணுக்கு உரியவரிடம் "கொடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். அப்படிக் கேட்பதே அந்த வாரத்துக்கான ஓர் அழைப்பாகவும் ஆகிவிடும், தேதியை மட்டும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.